நாளைய பாடத்துக்கு இன்றிரவு யாரைக் கேட்பது?

ஆசிரியர் தகுதித் தேர்வு குறித்து உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ல் அளித்த தீர்ப்பு, தமிழ்நாட்டின் ஆசிரியர் ஓய்வறைகளைக் கலங்க வைத்தது. எட்டாம் வகுப்பு வரை கற்பிப்பவர்களில், ஓய்வுபெற ஐந்தாண்டுகளுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டாண்டுகளுக்குள் தேர்ச்சி பெற வேண்டும் என்றது அத்தீர்ப்பு. பணியில் இருப்பவர்களின் கவலை நியாயமானது. ஆனால் ஆசிரியரின் தகுதி பற்றிய இத்தனை பேச்சிலும் ஒரு தரப்பு விடுபட்டுப்போனது. இன்னும் ஆசிரியர் ஆகாதவர்கள், இப்போதுதான் முதன்முதலாகச் சாக்பீஸைக் கையில் எடுக்கும் மாணவ ஆசிரியர்கள், அவர்களிலும் அறிவியலையும் கணிதத்தையும் எடுத்தவர்கள்.

விழுப்புரம், திண்டிவனம் பேருந்து நிலையங்களில் பயிற்சிக் காலத்துக் காலை வேளையில் அவர்களைப் பார்க்கலாம். கல்லூரிச் சீருடைப் புடவை, கையில் சுருட்டிய சார்ட், தோள்பையில் ரெக்கார்டு நோட்டு. செஞ்சிப் பக்கமோ மரக்காணம் பக்கமோ ஒரு பள்ளியில் இறங்கி நாற்பது குழந்தைகளின் முன்னால் நிற்கப்போகிறார்கள். அன்றைய பாடத்தை எப்படி நடத்துவது என்று முந்தைய இரவு கேட்பதற்கு அவர்களில் பலருக்கு ஆள் கிடையாது.

கைப்பேசி எல்லோரிடமும் இருக்கிறது. அதில் குழுக்களும் இருக்கின்றன. ஒரு பாடத்தைப் பற்றி நம்பிக் கேட்கவும், அனுபவமுள்ளவர் பொறுப்போடு பதில் சொல்லவும் ஓரிடம் மட்டும் இல்லை. அதை விழுப்புரம் மாவட்டத்திலேயே உருவாக்க முடியும். பெரிய செலவும் ஆகாது.

இருபது வாரத் தனிமை

பி.எட். படிப்பு 2015-16 கல்வியாண்டில் இரண்டு ஆண்டுகளாக நீண்டது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, அந்த இரண்டு ஆண்டுகளில் குறைந்தது 20 வாரங்கள் பள்ளியில் பயிற்சி பெற வேண்டும். முதலாண்டில் 4 வாரம், இரண்டாமாண்டில் 16 வாரம். எதிர்கால ஆசிரியர் வகுப்பறையில் கூடுதல் நாள் இருக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான் இதற்குக் காரணம்.

பள்ளியில் மாணவ ஆசிரியருக்கு ஒரு வழிகாட்டி ஆசிரியர் ஒதுக்கப்படுவார். அந்த ஆசிரியருக்கோ வகுப்புகள், விடைத்தாள்கள், எமிஸ் இணையதளப் பதிவுகள் என்று நாள் முழுக்க வேலை. பயிற்சிக்கு ஒருவர் வந்தால் அந்தப் பாடவேளையில் தேங்கிக் கிடப்பதை முடிக்கத்தான் பார்ப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. கல்லூரியிலிருந்து மேற்பார்வைக்கு வருபவர் எப்போதாவது வந்து, கடைசி பெஞ்சில் சற்று நேரம் அமர்ந்து, நோட்டில் கையெழுத்திட்டுப் போவார். பத்தாம் வகுப்பைப் பயிற்சி ஆசிரியரிடம் கொடுக்கத் தலைமையாசிரியர்கள் தயங்குவார்கள். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகள்தான் பெரும்பாலும் கிடைக்கும்.

இந்தக் கைவிடலுக்கு நிர்வாகக் காரணம் ஒன்றும் உண்டு. பி.எட். கல்லூரிகள் 2008-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. அது உயர்கல்வித் துறையைச் சேர்ந்தது. பயிற்சி நடக்கும் பள்ளி பள்ளிக் கல்வித் துறையுடையது. மாணவ ஆசிரியர் அந்த இருபது வாரமும் இரண்டு துறைகளுக்கு நடுவில் நிற்கிறார். அவர் வகுப்பில் தடுமாறினால் அது யார் பொறுப்பு என்பது தெளிவாக இல்லை.

ஆறாம் வகுப்பு எளிதா?

சிறிய வகுப்புதானே, யார் வேண்டுமானாலும் நடத்தலாம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையில் கணிதத்தில் மிகக் கடினமான கேள்விகள் அங்கேதான் பிறக்கின்றன.

ஆறை அரையால் வகுத்தால் பன்னிரண்டு என்று கரும்பலகையில் எழுதுகிறார் மாணவ ஆசிரியை. வகுத்தால் குறையத்தானே வேண்டும், எப்படி மிஸ் கூடிற்று என்று ஒரு குழந்தை கேட்கிறது. தலைகீழாக்கிப் பெருக்கு என்ற விதி அவருக்குத் தெரியும். பி.எஸ்சி.யில் அதைவிடப் பலமடங்கு கடினமான கணிதத்தைப் படித்துத் தேறியவர் அவர். ஆனால் அந்த விதி ஏன் சரி என்று இதுவரை யாரும் அவரைக் கேட்டதில்லை. ஆறு லிட்டர் பாலை அரை லிட்டர் பாக்கெட்டுகளில் அடைத்தால் எத்தனை பாக்கெட் வரும் என்று கேட்டிருந்தால் குழந்தையே பன்னிரண்டு என்று சொல்லியிருக்கும். இதை அவருக்குச் சொல்லித்தர, பதினைந்து ஆண்டுகளாகப் பின்னம் நடத்திய ஒரு ஆசிரியரின் இரண்டு நிமிடம் போதும்.

குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் ஏன் மிகை எண் வருகிறது என்பதும் அப்படிப்பட்ட இடம். மூன்று முறை குறை இரண்டு என்றால் குறை ஆறு. இரண்டு முறை என்றால் குறை நான்கு. ஒரு முறை என்றால் குறை இரண்டு. சுழி முறை என்றால் சுழி. ஒவ்வொரு படியிலும் விடை இரண்டு இரண்டாகக் கூடி வருகிறது. அடுத்த படி குறை ஒன்று, அங்கே விடை மிகை இரண்டாகத்தான் இருக்க முடியும். இப்படி வரிசையாக எழுதிக் காட்டினால் பிள்ளைகள் விடையைத் தாங்களே சொல்லிவிடுவார்கள். விதியை மட்டும் ஒப்பிக்கச் சொன்னால் தேர்வு முடிந்ததும் மறப்பார்கள்.

பாடம் தெரிவது வேறு, அந்தப் பாடம் குழந்தையின் மனத்தில் எங்கே இடறும் என்று தெரிவது வேறு. 1986-ல் அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் இந்த இரண்டாவது அறிவுக்குத் தனிப்பெயர் சூட்டி, ஆசிரியப் பயிற்சி இதைத்தான் தவறவிடுகிறது என்று வாதிட்டார். இது பாடநூலில் கிடைக்காது. வகுப்பறையில் பல ஆண்டுகள் நின்றவர்களின் நினைவில் இருக்கிறது. அவர்கள் பேசினால்தான் அடுத்தவருக்கு வரும்.

பேசாமல் போனால் இழப்பு யாருக்கு? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், அப்போது கள்ளக்குறிச்சியும் சேர்ந்திருந்த விழுப்புரம் மாவட்டத்தின் எழுத்தறிவு 71.88 விழுக்காடு. மாநில சராசரி 80.09. இங்குள்ள அரசுப் பள்ளிக் குழந்தைகளில் பலர் தங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். வகுப்பில் புரியாத கணக்கை வீட்டில் சொல்லித்தர ஆளிருக்காது, டியூஷனுக்குப் பணமும் இருக்காது. ஆறாம் வகுப்பில் பின்னத்தை விட்டவர் ஒன்பதில் இயற்கணிதத்தை விடுவார், பதினொன்றில் கணிதப் பிரிவின் பக்கமே போகமாட்டார். ஒரு பயிற்சி ஆசிரியர் நான்கு வாரத்தில் ஒரு வகுப்புக்குப் பின்னத்தை முழுதாக நடத்தி முடித்துவிட முடியும். அந்த நான்கு வாரம் அவருக்குப் பயிற்சி. அந்தக் குழந்தைகளுக்கு அந்தப் பாடம் வேறொரு முறை வராது.

டம்ளரில் ஏறும் தண்ணீர்

அறிவியலில் சிக்கல் இன்னொரு வகை. தவறான விளக்கங்கள் நல்ல நோக்கத்தோடு தலைமுறை தலைமுறையாகக் கைமாறுகின்றன.

தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவர்த்தியை ஏற்றி, கண்ணாடி டம்ளரைக் கவிழ்க்கும் சோதனை எல்லோருக்கும் நினைவிருக்கும். சுடர் அணைகிறது, தண்ணீர் டம்ளருக்குள் ஏறுகிறது. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் எரிந்து தீர்ந்துவிட்டது, அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது என்று நமக்குச் சொல்லப்பட்டது. பயிற்சி ஆசிரியர்களுக்கு மிகப் பிடித்த சோதனை இது. செலவில்லை, வகுப்பே ஆர்வத்தோடு பார்க்கும், மேற்பார்வையாளருக்கும் திருப்தி.

விளக்கம்தான் சரியில்லை. சுடர் அணையும்போது டம்ளரில் ஆக்சிஜன் இன்னும் மிச்சமிருக்கும். எரிந்த பகுதிக்கு ஈடாகக் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் உண்டாகியிருக்கும். தண்ணீர் ஏறுவதற்கு முக்கியக் காரணம் வெப்பம். சுடரின் சூட்டில் விரிந்த காற்றில் ஒரு பகுதி, டம்ளரைக் கவிழ்க்கும்போதே வெளியேறிவிடுகிறது. சுடர் அணைந்து உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும்போது, வெளியிலுள்ள காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. சுடர் எரியும்போது நீர்மட்டம் அதிகம் ஏறாமல், அணைந்த பிறகு சட்டென்று ஏறுவதைக் கூர்ந்து பார்த்தாலே இது தெரியும்.

இதை வகுப்பிலேயே சோதிக்கலாம். ஒரு மெழுகுவர்த்தியோடு ஒரு முறை, மூன்று மெழுகுவர்த்திகளோடு ஒரு முறை, அதே டம்ளர். உள்ளிருக்கும் ஆக்சிஜனின் அளவு மாறாததால் பழைய விளக்கம் சரியென்றால் தண்ணீரும் ஒரே அளவுக்குத்தான் ஏற வேண்டும். மூன்று வைத்தால் கூடுதலாக ஏறும். ஒரு விளக்கத்தை நம்புவதும் அதைச் சோதித்துப் பார்ப்பதும் எப்படி வேறுபடுகின்றன என்பதைக் குழந்தைகள் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

பழைய விளக்கத்தை எழுதிய பாடக்குறிப்பு ஒரு கல்லூரியில் எழுதப்பட்டால் போதும், ஆண்டுதோறும் பிரதி எடுக்கப்பட்டு ஊர் ஊராகப் போகும். ரெக்கார்டு எழுதிக் கொடுக்கும் வியாபாரம் நடப்பதும் இத்துறையில் எல்லோரும் அறிந்ததே. அனுபவமுள்ள இயற்பியல் ஆசிரியர் ஒருவர் இருக்கும் குழுவில் அந்தக் குறிப்பைப் பகிர்ந்தால், அன்றிரவே யாராவது தடுத்து நிறுத்துவார்.

குழு இருக்கிறது, பேச்சு இல்லை

குழுக்கள் ஏற்கெனவே இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன. கல்லூரி வகுப்புக்கு ஒன்று, பயிற்சிப் பள்ளிக்கு ஒன்று, தகுதித் தேர்வுக்கு நான்கைந்து. அவற்றைத் திறந்து பார்த்தால் சுற்றறிக்கை, விடைக்குறிப்பு, வினாவங்கி, பிறந்தநாள் வாழ்த்து. கேள்வி கேட்பவர் அரிது. இருநூறு பேர் பார்க்கும் இடத்தில், தன் கல்லூரிப் பேராசிரியரும் இருக்கும் இடத்தில், “எனக்கு இது தெரியவில்லை” என்று எழுத எந்த மாணவிக்கும் துணிவு வராது. உள்மதிப்பெண் போடுகிறவரே நிர்வாகியாக இருக்கும் குழுவில் மௌனம்தான் பாதுகாப்பு.

பணியில் இருக்கும் ஆசிரியர்களின் குழுக்களோ பெரும்பாலும் தகவல் கேட்கும் குழுக்களாகிவிட்டன. இன்று மதியம் இரண்டு மணிக்குள் இந்தப் பட்டியலை அனுப்புக என்ற செய்திக்குக் கீழே, ஒளிவிலகலை எப்படி நடத்தினீர்கள் என்று யார் கேட்பார்கள்?

இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்துவிட்டன. பாடக்குறிப்பு கேட்டால் நொடியில் எழுதித் தருகின்றன. பயன்படுத்தக் கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது தவறாகச் சொன்னாலும் உறுதியான குரலில்தான் சொல்லும். தவறைக் கண்டுபிடிக்கப் பாடத்தில் பழுத்த ஒருவர் வேண்டும். தவிர, ஆய்வகமே இல்லாத நடுநிலைப் பள்ளியில், கரும்பலகை பாதி உரிந்த அறையில், மதிய உணவுக்குப் பிந்தைய பாடவேளையில் என்ன எடுபடும் என்று அந்தப் பள்ளியில் நின்றவருக்குத்தான் தெரியும்.

தபாலில் சாத்தியமானது

ஆசிரியர்கள் பாடத்தைப் பற்றிப் பேச ஓரிடம் அமைப்பது புதிய யோசனையும் இல்லை. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-ல் பதினாறு பள்ளிகளில் ஒரு அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கியது. கிஷோர் பாரதி, ரசூலியா நட்புறவு மையம் ஆகிய இரண்டு அமைப்புகள் தொடங்கியதை, 1982-ல் உருவான ஏகலவ்யா பிறகு ஏற்று நடத்தியது. பிள்ளைகள் செய்து பார்த்துக் கற்க வேண்டும் என்பது அதன் அடிப்படை.

கிராமத்து ஆசிரியரைத் தனியாக விடக் கூடாது என்பதில் அவர்கள் உறுதியாக இருந்தார்கள். மாதந்தோறும் அருகிலுள்ள மையத்தில் ஆசிரியர்கள் கூடினார்கள். எந்தச் சோதனை சரியாக வரவில்லை, எந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்று பேசினார்கள். அவர்களுக்கென ஓர் இதழ் வந்தது. குழந்தைகள் தங்கள் கேள்விகளை ‘சவாலிராம்’ என்ற கற்பனைப் பாத்திரத்துக்குக் கடிதமாக எழுதினார்கள், பதிலும் வந்தது. பல்கலைக்கழக விஞ்ஞானிகளும் கிராமத்து ஆசிரியர்களும் ஒரே தரையில் உட்கார்ந்து விவாதித்தார்கள். திட்டம் ஆயிரம் பள்ளிகள் அளவுக்கு வளர்ந்தது. 2002-ல் மாநில அரசு அதை நிறுத்தியது பெரும் இழப்பு. இணையம் இல்லாத நாளில், அஞ்சலட்டையையும் பேருந்தையும் வைத்துக்கொண்டு அவர்கள் இதைச் செய்தார்கள்.

பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில் இணையத்தின் துணையோடு இது நடந்தது. பெங்களூரைச் சேர்ந்த ஐடி ஃபார் சேஞ்ச் அமைப்பும் கல்வித் துறையும் சேர்ந்து, 2011-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அரசு உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கணிதத்துக்கு ஒன்று, அறிவியலுக்கு ஒன்று எனப் பாடவாரியான இணையக் குழுக்களை அமைத்தன. ஆசிரியர்கள் முதலில் நேரில் கூடினார்கள். ஜியோஜீப்ரா போன்ற கட்டற்ற மென்பொருள்களைப் பழகினார்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிந்த பிறகு இணையத்தில் கன்னடத்திலேயே பேசினார்கள். அவர்கள் உருவாக்கிய பாடப்பொருள்கள் யாரும் எடுத்தாளும்படி ஒரு பொதுத் தளத்தில் சேர்ந்தன.

முதலில் நேரில் சந்தித்தார்கள் என்பதுதான் இதில் நாம் கற்க வேண்டியது. இணைப்பை அனுப்பிவிட்டு, இனிப் பேசுங்கள் என்றால் யாரும் பேசமாட்டார்கள்.

நேரில் கூடுவதற்கு ஜப்பானிலும் எடுத்துக்காட்டு உண்டு. அங்கே ஆசிரியர்கள் ஒரு பாடத்தைக் கூடித் திட்டமிடுகிறார்கள். ஒருவர் நடத்த, மற்றவர்கள் வகுப்பிலேயே நின்று குழந்தைகளைக் கவனிக்கிறார்கள், பிறகு கூடிப் பேசுகிறார்கள். பேச்சு பாடத்தைப் பற்றியதாகவே இருக்கும், நடத்தியவரின் குறைகளைப் பற்றியதாக இராது. பணியிலுள்ள ஆசிரியர்கள் கூடும் நம் குறுவள மையக் கூட்டங்கள் தொடங்கப்பட்டதும் ஏறத்தாழ இந்த நோக்கத்தோடுதான். ஆனால் மாணவ ஆசிரியர்களுக்கு அங்கே நாற்காலி போடப்படவில்லை.

இந்த மண்ணுக்குப் பழக்கமானதுதான்

விழுப்புரம் மாவட்டத்தால் இப்படியொரு குழுவை நடத்த ஆகுமா என்ற ஐயம் எனக்கில்லை. கொரோனாவுக்குப் பிறகு கற்றல் இழப்பை ஈடுசெய்ய வந்த ‘இல்லம் தேடிக் கல்வி’த் திட்டத்தை முதல்வர் மு.க. ஸ்டாலின் 2021 அக்டோபர் 27-ல் தொடங்கிவைத்தது மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில்தான். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு, தெருத் திண்ணைகளிலும் கோயில் வாசல்களிலும் மாலை நேர வகுப்பெடுத்தார்கள் தன்னார்வலர்கள். பெரும்பாலும் பெண்கள். அவர்களில் பி.எட். முடித்து வேலைக்குக் காத்திருந்தவர்களும் உண்டு.

தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980-லிருந்து இயங்கிவருகிறது. அதன் ‘துளிர்’ இதழ் 1987 முதல் குழந்தைகளுக்குத் தமிழில் அறிவியல் சொல்கிறது. 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம், 13,210 அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் எளிய அறிவியல், கணிதச் சோதனைகளைக் கொண்டுபோனது. பள்ளி பள்ளியாகச் சென்ற அதன் கருத்தாளர்களுக்கு, எந்தச் சோதனை எந்த வகுப்பில் எடுபட்டது என்பது அத்துப்படி. திண்டிவனம் ரோசனையில் பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னின்று நடத்திய தாய்த்தமிழ்ப் பள்ளி, எளிய வீட்டுக் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் படிப்பு வேண்டும் என்ற பிடிவாதத்தில் எழுந்தது. ஆட்கள் இருக்கிறார்கள், அனுபவமும் இருக்கிறது. புதிதாக ஆசிரியராக வருபவரிடம் அதைக் கொண்டுசேர்க்கும் வழிதான் இன்னும் போடப்படவில்லை.

மயிலத்தில் பெய்த மழை

ஊரை ஒட்டிய குழு ஏன் வேண்டும், மாநிலம் முழுக்க ஒரே குழு போதாதா? ஒரு உதாரணம் சொல்கிறேன்.

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விழுப்புரமும் திண்டிவனமும் வெள்ளத்தில் மிதந்தன. பள்ளி திறந்ததும் குழந்தைகள் அந்த மழையைப் பற்றித்தான் பேசினார்கள். 50 சென்டிமீட்டர் மழை என்றால் என்ன? ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர் தண்ணீர். அப்படியானால் 50 சென்டிமீட்டருக்கு, ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 500 லிட்டர். ஒரு சென்ட் என்பது ஏறத்தாழ நாற்பதரை சதுர மீட்டர். ஒரு சென்ட் மனையில் மட்டும் 20 ஆயிரம் லிட்டர். ஒரு ஏக்கர் வயலில் 20 லட்சம் லிட்டர்.

பரப்பளவு, கனஅளவு, அலகு மாற்றம் என்று மூன்று பாடம் இதில் வந்துவிடுகிறது. தன் வீட்டுக்குள் வந்த தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று குழந்தை கணக்குப் போடும். இதை ஒரு பயிற்சி ஆசிரியர் திண்டிவனத்தில் நடத்தி, குறிப்பைக் குழுவில் இட்டால், அடுத்த நாள் விக்கிரவாண்டியிலும் கண்டாச்சிபுரத்திலும் நடத்தலாம். கோயம்புத்தூரில் உட்கார்ந்து தயாரிக்கும் காணொளியில் இது வராது.

மரக்காணத்து உப்பளத்தில் ஆவியாதலும் படிகமாதலும் கண்ணெதிரே நடக்கின்றன. உப்பளத் தொழிலாளியின் மகளுக்கு அதைப் பற்றி ஆசிரியரைவிடக் கூடுதலாகத் தெரிந்திருக்கும், அவளைப் பேசவிட்டாலே பாதிப் பாடம் முடிந்தது. திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன, புவியியல் காலத்தை அதைவிட நன்றாக எந்தப் படமும் காட்டாது. செஞ்சிக் கோட்டை மலையின் உயரத்தைக் கோணமானி கொண்டு கணக்கிட்டால் முக்கோணவியல் மனத்தில் நிற்கும். கழுவேலியில் பறவைகள் வந்திறங்கும் மாதங்களில் உணவுச்சங்கிலியைக் கரும்பலகையில் மட்டும் வரைந்து முடிப்பது வீண். இந்த இடங்களைப் பாடத்தின் எந்தப் பக்கத்தோடு இணைப்பது என்பதை, இங்கே பல ஆண்டு பணியாற்றியவர் ஒரு செய்தியில் சொல்லிவிடுவார்.

பெண்களின் கைப்பேசி எண்

இந்தக் குழுவை அமைப்பவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது பாதுகாப்பை. மாணவ ஆசிரியர்களில் பெரும்பகுதியினர் பெண்கள். பலருக்குத் திருமணமாகிக் கைக்குழந்தையும் இருக்கும். வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் முகம் தெரியாதவர்கள் கையிலும் எண் போய்ச்சேர்கிறது. பிறகு தனிச் செய்தி, நேரங்கெட்ட நேரத்தில் அழைப்பு. இதற்கு அஞ்சியே பலர் குழுவில் சேர்வதில்லை, சேர்ந்தாலும் வாய் திறப்பதில்லை. வீட்டில் ஒரே கைப்பேசியைக் கணவரோடோ தம்பியோடோ பகிர்கிறவர்களும் உண்டு.

எண்ணை மறைத்துவைக்கும் வசதி டெலிகிராம் போன்ற செயலிகளில் இருக்கிறது. அதைப் பயன்படுத்த வேண்டும். நிர்வாகிகளில் பாதிப் பேராவது பெண் ஆசிரியர்களாக இருக்க வேண்டும். தனிச் செய்தி அனுப்பித் தொல்லை கொடுத்தால் யாரிடம் முறையிடுவது என்பது முதல் நாளே எழுதி ஒட்டப்பட வேண்டும், முறையீடு வந்தால் அன்றே நீக்கம். வகுப்புக் குழந்தைகளின் முகம் தெரியும் படம் எதையும் குழுவில் போடக் கூடாது. குழந்தையின் நோட்டுப் பக்கத்தைப் போடலாம், பெயரை மறைத்துவிட்டு. ஒரு தவறான கணக்கைக் காட்டி, இந்தப் பிள்ளை எங்கே இடறியிருக்கும் என்று கேட்பது மிகப் பயனுள்ள பேச்சு.

என்ன செய்யலாம்

விழுப்புரம் மாவட்டத்துக்கான மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் மயிலத்தில் இருக்கிறது, விழுப்புரம், திண்டிவனம் இரு ஊர்களுக்கும் எட்டும் தூரத்தில். ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவதுதான் அதன் பணி. சுற்றியுள்ள பி.எட். கல்லூரி மாணவர்களைச் சேர்த்து, கணிதத்துக்கு ஒன்று, அறிவியலுக்கு ஒன்று என இரண்டு குழுக்களை அது ஏற்று நடத்தட்டும். ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகமும் பள்ளிக் கல்வித் துறையும் இதற்கு ஓர் ஒப்புதல் கடிதம் பரிமாறிக்கொண்டால் போதும். ஒரு குழுவில் நூற்றைம்பது பேருக்கு மேல் வேண்டாம். கூட்டம் பெருத்தால் பேச்சு நின்றுவிடும்.

ஒவ்வொரு குழுவுக்கும் பத்துப் பதினைந்து அனுபவமுள்ள ஆசிரியர்கள் வேண்டும். பணியில் இருப்பவர், ஓய்வுபெற்றவர், வானவில் மன்றக் கருத்தாளர், அறிவியல் இயக்கத்தினர் என்று கலந்திருக்கட்டும். இவர்கள் முறைவைத்து, வாரத்தில் ஓர் இரவு, எட்டிலிருந்து ஒன்பது மணி வரை கேள்விகளைப் பார்க்க வேண்டும். இது மிக முக்கியம்: பணியில் இருப்பவர்களுக்கு இந்த நேரத்தைப் பயிற்சி நாளாகக் கணக்கிட்டு, அதற்கு ஈடாக வேறொரு வேலையைக் குறைக்க வேண்டும். நல்ல மனத்தை மட்டும் நம்பி ஆரம்பிக்கும் குழு ஆறு மாதத்தில் அடங்கிவிடும்.

மாணவ ஆசிரியருக்கு மதிப்பெண் போடும் எவரும் குழுவில் இருக்கக் கூடாது. கல்லூரிப் பேராசிரியர்கள் தங்களுக்குள் தனியே பேசிக்கொள்ளட்டும். குழுவில் சுற்றறிக்கை, வாழ்த்து, தேர்வுக் குறிப்பு எதற்கும் இடமில்லை. எந்த வகுப்பு, எந்தப் பாடம், எந்த இடத்தில் குழந்தைகள் இடறினார்கள் என்று எழுதிக் கேட்க வேண்டும். வழிகாட்டி ஆசிரியர் தவறாகச் சொல்லிவிட்டாலும் அதைக் குழுவிலேயே வெளிப்படையாகத் திருத்த வேண்டும். மூத்தவர் தவறைத் திருத்திக்கொள்வதைப் பார்க்கும் இளையவர் தானும் கேட்கத் துணிவார்.

தொடக்கம் நேர்ச்சந்திப்பாக இருக்கட்டும். பயிற்சிக் காலத்துக்கு முந்தைய ஒரு சனிக்கிழமை எல்லோரும் ஓரிடத்தில் கூட வேண்டும். பிறகு மாதம் ஒருமுறை, ஒரு மாதம் விழுப்புரத்தில், அடுத்த மாதம் திண்டிவனத்தில். அங்கே சொற்பொழிவு வேண்டாம். ஒருவர் ஒரு பாடத்தை நடத்திக் காட்டட்டும், மற்றவர்கள் மாணவர்களாக உட்கார்ந்து கேட்கட்டும்.

ரெக்கார்டு நோட்டில் ஒரு மாற்றமும் வேண்டும். யாரோ எழுதியதைப் பார்த்துப் பக்கம் பக்கமாக எழுதும் பாடக்குறிப்புகளில் சிலவற்றைக் குறைத்து, அவற்றுக்குப் பதிலாக நான்கு பக்கம் கேட்கலாம்: நான் கேட்ட கேள்வி, எனக்குக் கிடைத்த பதில், வகுப்பில் அதை நடத்தியபோது நடந்தது, அடுத்தமுறை நான் மாற்றப்போவது. இதை விலைக்கு எழுதி வாங்க முடியாது.

படிப்பு முடிந்ததும் யாரையும் குழுவிலிருந்து நீக்கக் கூடாது. தகுதித் தேர்வுக்குத் தயாராகும் ஆண்டுகளிலும், பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியராகப் போகும் ஆண்டுகளிலும், தனியார் பள்ளியில் குறைந்த சம்பளத்தில் நிற்கும் ஆண்டுகளிலும் அவருக்கு இந்தத் துணை தேவைப்படும். 2012-ல் தமிழ்நாட்டின் முதல் தகுதித் தேர்வில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. அப்போது தேர்வர்களைக் குறை சொன்னோம். படித்து முடித்தவர்கள் பாடத்தைப் பற்றிப் பேச ஓர் இடம் கொடுத்தோமா என்று யாரும் கேட்கவில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, குழுவில் நடந்த நல்ல உரையாடல்களை வகுப்புவாரியாக, பாடவாரியாகத் தொகுத்து, மயிலம் நிறுவனத்தின் பெயரில் எவரும் இலவசமாகத் தரவிறக்கும்படி வெளியிடலாம். முதல் தொகுப்புக்கு ஆறாம் வகுப்புப் பின்னமும் எட்டாம் வகுப்பு வெப்பமும் போதும். அவற்றில்தான் கேள்விகள் அதிகம் வரும்.

ஆகும் செலவு மாதம் ஒரு சனிக்கிழமைக்கான பயணப்படியும் மதிய உணவும்தான். மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரும், மயிலம் நிறுவனத்தின் முதல்வரும், விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களின் கல்வியியல் கல்லூரி முதல்வர்களும் ஒருமுறை உட்கார்ந்து பேசினால், அடுத்த பயிற்சிக் காலம் தொடங்கும் முன்பே முதல் கூட்டத்துக்கான அழைப்பை அனுப்பிவிடலாம்.